நுனாவுட்டில் வீட்டு மனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் வடகோடியில் உள்ள நுனாவுட் பிராந்தியத்தின் வீட்டுப் பற்றாக்குறை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே கேள்விகள்தாம் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்பவர்கள் வீட்டில் தொடங்கி, சற்று நேரத்தில் நிலத்தில் வந்து நிற்கிறார்கள். சிக்கலின் வேரும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே அந்தக் கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, தெரிந்த அளவு விடைகளைத் தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னால் உள்ளவற்றை நம்பி எழுதப்பட்டவை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. சுமார் 20 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு, மொத்தமே 40,000 பேர். வீடு கட்ட இடமில்லை என்றால் எப்படி நம்புவது?

நிலம் இருக்கிறது, மனை இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தொலைவுதான் இந்தப் பக்கம் முழுவதும் பேசப்படும் செய்தி. நுனாவுட்டின் மக்கள் 25 ஊர்களில் வாழ்கிறார்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. தெற்குக் கனடாவிலிருந்தும் சாலை கிடையாது. விமானத்தில் போகலாம், கோடையில் கப்பலில் போகலாம். ஆகவே பள்ளி, மருத்துவ நிலையம், மின்நிலையம், தண்ணீர் எடுக்கும் ஏரி ஆகியவற்றை விட்டுத் தொலைவில் ஒரு வீட்டை மட்டும் கட்டினால் அங்கே யாரும் வாழ முடியாது. வரைபடத்தில் கணக்கில்லாமல் விரிந்து கிடக்கும் நிலத்தில் ஊரை ஒட்டிய ஓரிரு கிலோமீட்டர்தான் உண்மையில் பயன்படக்கூடியது. அதிலும் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. எப்படி என்பதை 6ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

2. தயாரான மனை என்று எதைச் சொல்கிறார்கள்?

ஊரின் திட்ட வரைபடத்தில் குடியிருப்புக்கென்று ஒதுக்கப்பட்டு, நில அளவையாளரால் எல்லை குறிக்கப்பட்டு, சாலை போடப்பட்டு, மழைநீரும் பனி உருகிய நீரும் வடிய வழி செய்யப்பட்டு, மின்கம்பம் வந்து சேர்ந்து, சரளை கொட்டி மேடாக்கப்பட்ட துண்டு நிலத்தைத்தான் அப்படிச் சொல்ல வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அங்கே வீட்டு வேலையைத் தொடங்க முடியாது. பல ஊர்களில் வரைபடத்தில் மனைகள் இருக்கும்; நேரில் போய்ப் பார்த்தால் பாசியும் கல்லும் நீர் தேங்கிய குழிகளுமாகத்தான் இருக்கும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எத்தனை மனைகள் இருக்கின்றன என்று கணக்கெடுப்பதால்தான் தவறான நம்பிக்கை பிறக்கிறது என்பது என் கருத்து.

3. அங்கே நிலம் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கிறது என்கிறார்கள். அப்படியானால் அது பாறை மாதிரிதானே? நேராக அஸ்திவாரம் போட்டால் என்ன?

உறைந்திருக்கும் வரை அது பாறைதான். ஆனால் வீடு என்பது இருபத்து நான்கு மணி நேரமும் சூடேற்றப்படும் ஒரு பெட்டி. அதை நேரே நிலத்தின் மேல் வைத்தால் அந்தச் சூடு கீழே இறங்கி, மண்ணுக்குள் இருக்கும் பனிக்கட்டியை உருக்கிவிடும். நுனாவுட்டின் உறைநிலத்தில் பல இடங்களில் மண்ணைவிடப் பனிக்கட்டியே மிகுதி. அது உருகினால் நிலம் சமமாக இறங்காது. ஒரு மூலை ஒரு சாண் இறங்கும், மறு மூலை அப்படியே நிற்கும். கதவுகள் மூடாமல் போகும், சுவர் விரிசல் விடும், குழாய் இணைப்புகள் பிடுங்கிக்கொள்ளும்.

அதனால்தான் அங்கே வீடுகள் தரையைத் தொடாமல் தூக்கிக் கட்டப்படுகின்றன. பாறை அருகில் இருந்தால் துளையிட்டு எஃகுத் தூண்களைப் பாறையில் ஊன்றுகிறார்கள். பாறை ஆழத்தில் இருந்தால் உறைநிலத்துக்குள்ளேயே துளையிட்டு, தூணைச் சுற்றி மணலும் நீரும் கலந்த குழம்பை ஊற்றுகிறார்கள். அது உறைந்து தூணைப் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு வழி, சரளை மேட்டின் மேல் எஃகுச் சட்டங்களாலான ஒரு முப்பரிமாணக் கட்டமைப்பை வைத்து, நிலம் அசைந்தால் மட்டம் திருத்திக்கொள்ளும்படி செய்வது. எந்த முறையானாலும் வீட்டின் அடியில் காற்று புகுந்து போக இடம் விட வேண்டும். குளிர்காலக் காற்றுதான் அந்த நிலத்தை மீண்டும் உறைய வைத்துக் காப்பாற்றுகிறது.

4. எங்கே பார்த்தாலும் சரளை சரளை என்கிறார்களே, அதற்கு அவ்வளவு முக்கியத்துவம் ஏன்?

நம் ஊர்களில் மனை சமப்படுத்த மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புகிறோம். உறைநிலத்தில் வெட்டக்கூடாது. மேலே படர்ந்திருக்கும் பாசியும் கரிமண்ணும்தான் கீழே உள்ள பனிக்கட்டிக்குப் போர்வை. புல்டோசர் அதைச் சுரண்டிவிட்டால் அடுத்த கோடையிலேயே நிலம் குழம்பாகத் தொடங்கும். ஆகவே வெட்டாமல், இருக்கும் நிலத்தின் மேலேயே சரளையைக் கொட்டி உயர்த்துவதுதான் வழி. சாலைக்கும் அதே முறை, வீட்டு மேடைக்கும் அதே முறை.

ஒரு சிறு மனைப்பிரிவுக்கே ஆயிரக்கணக்கான கன மீட்டர் சரளை வேண்டும். ஊருக்கு அருகே நல்ல சரளை மேடு இருந்தால் பிழைத்தார்கள். இல்லாவிட்டால் பாறையை வெடிவைத்து உடைத்து, கிரஷரில் அரைக்க வேண்டும். கிரஷர் கப்பலில் வர வேண்டும், அதன் உதிரிப் பாகங்களும் கப்பலில் வர வேண்டும். மனை பற்றிய எந்தத் திட்டத்தைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது சரளை எங்கிருந்து வருகிறது என்ற வரியைத்தான். அது இல்லாத திட்டத்தை நம்ப எனக்கு மனம் வருவதில்லை.

5. எந்த இடம் ஏற்றது, எந்த இடம் ஆபத்தானது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

துளையிட்டு மண்ணை எடுத்துப் பார்ப்பதுதான் உறுதியான வழி. அதற்குச் செலவு மிகுதி. அதனால் முதலில் வான்வழிப் படங்களிலிருந்து நில அமைப்பை வரைகிறார்கள். உறைநிலத்தில் பனி ஆப்புகள் புதைந்திருக்கும் இடங்கள் மேலிருந்து பார்த்தால் தேன்கூடு போன்ற பலகோண வடிவங்களாகத் தெரியும். செயற்கைக்கோள் ரேடார் மூலம், கோடையில் எந்தப் பகுதி எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்றும் அளக்கிறார்கள். ஆர்வியாட், பாங்நிர்டுங் உள்ளிட்ட சில ஊர்களுக்கு இப்படிப்பட்ட நில ஆபத்து வரைபடங்கள் உருவாகியிருக்கின்றன.

நிலத்துக்கு இணையாக நீரையும் பார்க்க வேண்டும். 2008 ஜூனில் பாங்நிர்டுங்கில் மழையும் பனி உருகலும் சேர்ந்து ஆறு பெருக்கெடுத்தபோது, அது கரையின் உறைநிலத்தையே அரித்துக்கொண்டு போய்ப் பாலங்களைச் சேதப்படுத்தியது; ஊரின் பெரும்பகுதி தண்ணீர் எடுக்கும் இடத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. ஓடும் நீர், தேங்கும் நீர் இரண்டுமே உறைநிலத்துக்குப் பகை. வட ஊர்களின் வடிகால் அமைப்புக்கென்றே கனடாவில் சிஎஸ்ஏ எஸ்503 என்ற தனித் தரநிலை வகுக்கப்பட்டது இந்த அனுபவங்களின் பின்னணியில்தான்.

காற்றும் பனிக்குவியலும் மூன்றாவது. எந்தத் திசையிலிருந்து பனிப்புயல் வரும், எந்தச் சரிவில் பனி ஆள் உயரத்துக்குக் குவியும் என்பது அங்கே வளர்ந்த முதியவர்களுக்குத் தெரியும். தெருவை வீசும் காற்றுக்கு இணையாக அமைத்தால் காற்றே பனியைத் துடைத்துக்கொண்டு போகும். குறுக்காக அமைத்தால் குளிர்காலம் முழுவதும் வாசலைத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். தெற்கிலிருந்து வரும் திட்ட அலுவலர் ஒரு வாரம் தங்கிப் பார்த்து அறிய முடியாதது இது. முதியவர்களைக் கேட்பதை ஒரு சடங்காக வைக்காமல், வரைபடத்தில் முதல் கோடு போடும் முன்பே கேட்க வேண்டும்.

6. படங்களில் பார்த்தால் ஊருக்குப் பக்கத்திலேயே நிறைய வெற்றிடம் தெரிகிறதே?

தெரிகிறது, ஆனால் ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் ஒரு காரணம் இருக்கும். குப்பை கொட்டும் இடத்திலிருந்து 450 மீட்டருக்குள் குடியிருப்பு இருக்கக்கூடாது என்பது பொதுச் சுகாதார விதி. விமான ஓடுபாதையின் இரு முனைகளிலும் பக்கங்களிலும் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. இந்த ஊர்களில் பல விமானத் தளத்தையோ வணிக நிலையத்தையோ சுற்றி வளர்ந்தவை. நுனாவுட்டின் தலைநகரான இக்கலூயிட்டே 1942இல் அமெரிக்க விமானப்படைத் தளமாகத் தொடங்கியது. ஆகவே ஓடுபாதை ஊரின் நடு நிலத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

இவை தவிர, எரிபொருள் தொட்டிகள், ஓடைக்கரைகள், குடிநீர் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி ஆகியவை விலக்கு. இங்குள்ள பழங்குடியினரான இனுவிட் மக்களின் முன்னோர் புல்மண் கட்டிகளால் கட்டி வாழ்ந்த வீடுகளின் அடையாளங்களும், கூடாரங்களைச் சுற்றி வைத்த கல் வட்டங்களும் தொல்லியல் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவை பெரும்பாலும் நீர் நன்கு வடியும் சரளை மேடுகளிலேயே இருக்கும். நல்ல இடம் எது என்று அவர்களும் அறிந்திருந்தார்கள் அல்லவா!

7. அந்த நிலமெல்லாம் யாருக்குச் சொந்தம்?

இனுவிட் மக்களுக்கும் கனடா அரசுக்கும் இடையே 1993இல் கையெழுத்தான நுனாவுட் ஒப்பந்தத்தின்படி சுமார் 3.5 லட்சம் சதுர கிலோமீட்டர் இனுவிட் மக்களின் கூட்டு உடைமை. இதை அவர்களுடைய அமைப்புகள் நிர்வகிக்கின்றன. எஞ்சியதில் மிகப் பெரும்பகுதி, கூட்டாட்சி அரசு நிர்வகிக்கும் அரசுரிமை நிலம். ஊர்களின் கட்டப்பட்ட பகுதி, அதே ஒப்பந்தத்தின் 14ஆம் உறுப்பின் கீழ், ஊராட்சிகளுக்கு வந்தது. ஊர் எல்லைக்குள் கடலோரத்தில் உள்ள 100 அடி அகலப் பட்டை பிராந்திய ஆணையரின் பெயரில் பொதுப் பயன்பாட்டுக்காக விடப்பட்டிருக்கிறது.

ஆகவே ஊர் விரிவடையும்போது, அடுத்த மனைப்பிரிவு யாருடைய நிலத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்து நடைமுறை மாறுகிறது. இனுவிட் நிலமானால் அந்த அமைப்போடு பேச வேண்டும். அரசு நிலமானால் அதை ஊராட்சிக்கு மாற்றித் தரும்படி கோர வேண்டும். இது தடை என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. தங்கள் நிலத்தின் மீது தங்களுக்குச் சொல் வேண்டும் என்று இருபது ஆண்டுகள் பேச்சு நடத்திப் பெற்ற உரிமையைத் தடை என்று அழைப்பது சரியல்ல.

8. மனைகளைத் தனியாருக்கு விற்றுவிட்டால் அவர்களே கட்டிக்கொள்ள மாட்டார்களா?

இந்தக் கேள்வி மக்களிடமே நேரடியாகக் கேட்கப்பட்டது. ஊராட்சி நிலங்களை விற்க அனுமதிக்கலாமா என்று 1995இல் ஒரு முறையும், 2016 மே 9 அன்று மறுமுறையும் வாக்கெடுப்பு நடந்தது. 2016இல் 25 ஊர்களும் வேண்டாம் என்றே சொல்லின. நிலம் விற்பனைக்கு வந்தால் பணமுள்ள வெளியூர் நிறுவனங்கள் வாங்கிக் குவித்துவிடும் என்ற அச்சம் ஒரு பக்கம். நிலம் ஒருவர் வாங்கி ஒருவர் விற்கும் பொருளே அல்ல என்ற இனுவிட் நம்பிக்கை மறு பக்கம்.

எனவே மனைகள் குத்தகைக்குத்தான் விடப்படுகின்றன. மனையை உருவாக்கச் சாலைக்கும் சரளைக்கும் ஆன செலவு குத்தகைதாரரிடமிருந்து திரும்பப் பெறப்படுகிறது. விற்பனையை அனுமதித்தாலும் மனைகள் பெருகியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பத்திரத்தின் பெயரை மாற்றுவதால் சரளையின் விலை குறைந்துவிடாது.

9. குத்தகை நிலத்தில் வீடு கட்ட வங்கி கடன் கொடுக்குமா?

கொடுக்கும். குத்தகைக் காலம் கடனைத் திருப்பிச் செலுத்தும் காலத்தைவிடக் குறையாமல் இருக்க வேண்டும். நீண்ட காலக் குத்தகை இருப்பது இதற்காகவும்தான். இக்கலூயிட்டில் இப்படிக் கடன் பெற்று வீடு வாங்கியவர்கள் உண்டு. சிறு ஊர்களில் வீடு வாங்கி விற்கும் சந்தையே ஏறத்தாழ இல்லாததால் கடன் கிடைப்பது கடினம். ஆனால் நுனாவுட் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் பொது வீட்டு வசதியில் வாடகைக்கு இருப்பவர்கள் என்பதால், இந்தக் கேள்வி அவர்களில் பெரும்பாலோரை எட்டுவதே இல்லை.

10. மனை கிடைத்தால் போதாதா, தண்ணீரை எப்படியாவது கொண்டுவரலாமே?

பெரும்பாலான ஊர்களில் தண்ணீர் லாரியில்தான் வருகிறது. கழிவுநீரும் லாரியில்தான் போகிறது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஆயிரம் லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும் தொட்டி இருக்கும். புயல் அடித்தால் லாரி வராது. ஆகவே மனைப்பிரிவு தொலைவில் போகப்போக, செங்குத்தான சரிவில் ஏற ஏற, ஒவ்வொரு நாளும் ஊராட்சிக்கு டீசலாகவும் ஓட்டுநர் நேரமாகவும் செலவு கூடிக்கொண்டே போகும். மனைக்கு ஒரு முறை ஆகும் செலவை மட்டும் பார்த்து மலிவான இடத்தைத் தேர்ந்தெடுத்தால், அந்த மலிவுக்கு ஐம்பது ஆண்டு விலை கொடுக்க நேரும்.

குழாய் வலை உள்ள இடங்களில் சிக்கல் வேறு. இக்கலூயிட் நகரம் ஜெரால்டின் ஏரியின் ஒரே நீர்த்தேக்கத்தை நம்பியிருக்கிறது. 2021 அக்டோபரில் அந்த நீரில் எரிபொருள் கலந்தது கண்டுபிடிக்கப்பட்டு, ஏறத்தாழ இரண்டு மாதம் குடிக்கக்கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. மறு ஆண்டு கோடையில் தேக்கத்தில் நீரின் அளவே போதாமல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 2022இல் கூட்டாட்சி அரசு புதிய நீர்த்தேக்கத்துக்கும் வலையமைப்புக்குமாக 21.4 கோடி டாலர் அறிவித்தது. புதிய நீர் வராமல் புதிய மனைப்பிரிவுகளைத் திறப்பதில் பொருளில்லை என்பதை அந்த நகரம் கடினமான வழியில் அறிந்துகொண்டது.

11. ஒரு மனைப்பிரிவு தயாராக எத்தனை நாள் ஆகும்?

நாளில் கணக்கிட முடியாது. கோடையில்தான் கணக்கிட வேண்டும். கப்பல் வரும் பருவம் ஏறத்தாழ ஜூலை முதல் அக்டோபர் வரை. பெரும்பாலான ஊர்களில் துறைமுகம் இல்லை. கப்பல் நங்கூரமிட்டு நிற்க, சரக்கு மிதவைப் படகில் கரைக்கு வரும். முதல் கோடையில் அளவெடுத்து மண்ணைச் சோதிக்கிறார்கள். குளிர்காலத்தில் வடிவமைத்து ஒப்பந்தம் விடுகிறார்கள். இரண்டாம் கோடையில் இயந்திரங்கள் வந்து இறங்கவே பருவத்தின் பாதி போய்விடும். மூன்றாம் கோடையில் சாலையும் மேடையும் எழும்பும். அதன் பிறகு அந்த மேடை ஒரு குளிர்காலமாவது உறைந்து அமர வேண்டும்.

இதில் ஓர் உத்தரவு மூன்று வாரம் தாமதமானால், அது மூன்று வாரத் தாமதமாக நிற்காது. கப்பல் போய்விட்டால் ஓராண்டு போயிற்று. தெற்கில் உள்ள அலுவலகங்களுக்குப் புரிய வைக்க மிகக் கடினமானது இந்த ஒரு செய்திதான்.

12. 2030க்குள் 3,000 வீடுகள் என்று அறிவித்தார்களே. அதற்கு மனை இருக்கிறதா?

நுனாவுட் அரசு 2022இல் அறிவித்த ‘நுனாவுட் 3000’ திட்டத்தைச் சொல்கிறீர்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கின்படி நுனாவுட் உள்ளிட்ட இனுவிட் தாயகப் பகுதிகளில் வாழும் இனுவிட் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் நெரிசலான வீடுகளில் இருக்கிறார்கள். இரண்டு அறை வீட்டில் மூன்று தலைமுறை முறை வைத்துத் தூங்குவதும், காசநோய் ஒரு குடும்பத்தையே தொற்றுவதும் இதன் விளைவு. அந்த நிலையில் இவ்வளவு பெரிய இலக்கை வைத்ததை நான் மனமார வரவேற்கிறேன்.

ஆனால் 11ஆம் விடையை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். 2030இல் குடியேற வேண்டிய வீட்டுக்கான மனை வேலை அதற்கு மூன்று நான்கு கோடைகளுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடுகளுக்குத் தொகை அறிவிப்பது எளிது. மனைகளுக்கான பணி அதைவிட முன்னதாகத் தொடங்காவிட்டால், பலகையும் ஜன்னலும் கப்பலில் வந்து கரையில் காத்துக் கிடக்கும்.

13. ஐந்தாறு மாடி கட்டிவிட்டால் நிலச் சிக்கலே தீர்ந்துவிடுமே?

ஓரளவுக்கு அதைத்தான் செய்கிறார்கள். தனி வீடுகளுக்குப் பதில் நான்கு, ஐந்து, பத்து குடும்பங்கள் வாழும் கட்டடங்கள் பெருகி வருகின்றன. ஒரே மேடை, ஒரே இணைப்பு என்பதால் மனைச் செலவு பங்கிடப்படுகிறது. ஆனால் உயரம் கூடினால் எடை கூடும். 3ஆம் விடையில் சொன்ன தூண்கள் அதைத் தாங்க வேண்டும். தீ பிடித்தால் அணைக்கும் வசதி பெரும்பாலும் தன்னார்வலர்களையும் ஒரு லாரியையும் நம்பியது.

வாழ்க்கை முறையையும் மறக்கக்கூடாது. சீல், கரிபூ (வட துருவ மான்) வேட்டையாடிக் கொண்டுவந்து அறுத்துப் பங்கிடும் குடும்பத்துக்கு, பனி வண்டியும் சறுக்குப் பலகை வண்டியும் படகும் நிறுத்த வெளியிடம் வேண்டும். இரண்டாம் மாடியின் நடைபாதையில் கரிபூவை அறுக்க முடியாது.

14. இவ்வளவு கஷ்டப்பட்டு அங்கே கட்டுவதைவிட, மக்களைத் தெற்கே குடியேற்றினால் என்ன?

இதைக் கேட்பவர்களில் பலர் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் இதற்கு அழுத்தமாகவே விடை சொல்ல வேண்டியிருக்கிறது. இனுவிட் மக்கள் இந்த இருபத்தைந்து இடங்களைத் தாங்களாகத் தேர்ந்தெடுத்து நிலையாகத் தங்கியவர்கள் அல்லர். பருவத்துக்கேற்ப இடம் மாறி வாழ்ந்தவர்களை 1950, 60களில் பள்ளி, மருத்துவம், உதவித்தொகை ஆகியவற்றைக் காட்டி ஊர்களுக்குள் கொண்டுவந்தது அரசு. 1953இல் வட கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து குடும்பங்கள் 2,000 கிலோமீட்டர் வடக்கே கிரைஸ் ஃபியோர்டுக்கும் ரெசல்யூட்டுக்கும் கொண்டுசெல்லப்பட்டன. அதற்காகக் கூட்டாட்சி அரசு 2010இல் மன்னிப்புக் கேட்டது.

வீடு தருகிறோம் என்று சொல்லி அழைத்து வந்து, தீக்குச்சிப் பெட்டி என்று பெயர் பெற்ற சிறு வீடுகளில் வைத்த பிறகு, இப்போது கட்டச் செலவாகிறது, நகருங்கள் என்று சொல்வது மன்னிப்புக் கேட்ட தவற்றையே மறுபடி செய்வதாகும்.

15. பருவநிலை மாறிக் கடல் மட்டம் உயர்கிறதே. இப்போது தயாரிக்கும் மனைகள் நாளை மூழ்காதா?

இடத்துக்கு இடம் விடை மாறும். ஹட்சன் விரிகுடாவைச் சுற்றியுள்ள நிலம், பனியுகத்தில் அழுத்திய பனிப்பாளத்தின் எடை நீங்கியதால் இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயர்ந்துகொண்டிருக்கிறது. அங்குள்ள ஊர்களில் கடல் பின்வாங்குகிறது. படகுத் துறைகள் ஆழம் குறைவதுதான் அவர்களுக்குக் கவலை. மாறாக, மேற்கே, வடமேற்கு ஆட்புலம் என்ற அண்டைப் பிராந்தியத்தின் டுக்டோயாக்டுக் ஊரில் கரை அரிப்பால் வீடுகளையே நகர்த்த வேண்டியதாயிற்று.

நுனாவுட் மனைகளுக்குப் பெரிய ஆபத்து கடலைவிடக் கோடையில் உருகும் மேலடுக்கு ஆழமாகிவருவதுதான். அதனால் இன்றைய வெப்பநிலையை வைத்துத் தூணின் ஆழத்தை முடிவு செய்யக்கூடாது. அந்த வீட்டின் ஆயுட்காலம் முடியும்போது நிலம் எப்படியிருக்கும் என்று கணித்தே முடிவு செய்ய வேண்டும்.

16. 2027இல் நில நிர்வாகம் நுனாவுட் அரசின் கைக்கு வருகிறதாமே. அப்போது எல்லாம் சரியாகிவிடுமா?

2024 ஜனவரி 18 அன்று இக்கலூயிட்டில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, அரசுரிமை நிலங்களின் நிர்வாகம் 2027 ஏப்ரல் 1 அன்று கூட்டாட்சி அரசிடமிருந்து மாற வேண்டும். கனடாவின் வரலாற்றிலேயே மிகப் பெரிய நில நிர்வாக மாற்றம் இது. ஊர்கள் விரிவடைய அரசு நிலம் தேவைப்படும்போது ஒட்டாவாவுக்கு எழுதிக் காத்திருக்கும் நிலை குறையும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் கட்டப்பட்ட பகுதி ஏற்கெனவே ஊராட்சிகளிடம் இருக்கிறது. அங்கே குறைவாக இருப்பவை சரளையும் நீரும், நிலப் பிரிவை நடத்தத் தெரிந்த ஆட்களும். பல ஊராட்சிகளில் நில நிர்வாகத்துக்கு ஒரே ஓர் அலுவலர். அவர் விலகினால் கோப்புகள் நின்றுவிடும்.

17. வீடு கட்டப் பணமே உறுதியாகாதபோது மனைகளை முன்கூட்டியே தயாரித்தால் அந்தப் பணம் முடங்கிக் கிடக்காதா?

நிதித் துறையினர் எழுப்பும் இந்தக் கேள்வியைத்தான் எல்லாவற்றிலும் கடினமானதாக நான் கருதுகிறேன், ஏனெனில் அதில் நியாயம் இருக்கிறது. பத்து ஆண்டு யாரும் வராத மனைப்பிரிவில் சாலையைப் பராமரிப்பதும் வடிகாலைத் திறந்து வைப்பதும் சிறு ஊராட்சிக்குச் சுமைதான். ஆகவே ஊர் தோறும் நூறு மனை என்று கேட்பது சரியாகாது. ஓர் ஊருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளில் தேவைப்படும் வீடுகளுக்குப் போதுமான மனைகள் எப்போதும் கையிருப்பில் இருக்கும்படி, ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நிதி ஒதுக்குவதே தக்க வழி. அப்போது கிரஷரும் புல்டோசரும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கப்பலேற வேண்டாம். ஊர் இளைஞர்களுக்கும் தொடர்ந்து வேலை இருக்கும்.

இன்னொரு உண்மையும் உண்டு. சரளை மேடை காலியாகக் கிடக்கும் குளிர்காலங்கள் வீணாவதில்லை. அந்தக் குளிரில் உறைநிலத்தின் மேல்மட்டம் மேடைக்குள் ஏறி வருகிறது, சரளை அமர்கிறது, எங்கே நீர் தேங்குகிறது என்பது வசந்தத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு குளிர்காலம் கண்ட மேடையின் மேல் நிற்கும் வீட்டில், கதவு நெடுநாள் சரியாக மூடும்.